நிற்கிற வண்டியின் தண்ணீர்

மூன்றாவது வருஷமும் மழை பொய்த்த மாசி மாதத்தில், விளாத்திகுளத்துக்குக் கிழக்கே கடலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் கிடக்கிற நெடுங்கரை என்ற ஊரில், ஓய்வுபெற்ற சர்வேயர் பால்வண்ணனுடைய வெள்ளைக் காரின் அடியிலிருந்து நல்ல தண்ணீர் வரத் தொடங்கியது.

அந்தக் காரை வாங்கியது ஓட்டுவதற்காக அல்ல, ஓட்ட வேண்டி வந்தால் ஓட்டுவதற்காக. பால்வண்ணனின் மனைவி ஆவுடையம்மாளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. புனேயில் இருக்கும் மகள் செண்பகம், “ஆத்திர அவசரத்துக்கு வீட்டு வாசல்ல ஒரு வண்டி நிக்கணும்ப்பா” என்று ஒற்றைக்காலில் நின்று வாங்க வைத்தாள். ஐம்பத்தொன்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்ட பால்வண்ணன், இரண்டாவது மாதமே குறுக்கே வந்த ஆட்டுக்குட்டியின் காலில் ஏற்றிவிட்டு, அன்றிலிருந்து அத்தியாவசியம் என்றால் மட்டும், அதுவும் தெருமுனைவரை மட்டும் ஓட்டுகிறவராக ஆனார். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கு ஆவுடையம்மாள் பஸ்ஸில் போனாள். கார் தகரக் கொட்டகையில், பழைய பெட்ஷீட் போர்த்தி, யாரோ தூங்குகிற மாதிரி நின்றது.

டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் மெக்கானிக் செய்யது இபுராகிம் ஒவ்வொரு வருஷமும் ஒரே சங்கதியைச் சொன்னான்.

“ஆயில் மாத்திருவோமா சார்?”

“எரநூறு கிலோமீட்டர்கூட ஓடலையேப்பா. மீட்டரைப் பாரு.”

“ஓடுற வண்டிக்குத்தான் சார் கிலோமீட்டர் கணக்கு. நிக்கிற வண்டிக்கு மாசக் கணக்கு. ஓடினாலும் ஓடாட்டாலும் வருஷத்துக்கு ஒருக்கா மாத்திரணும். நின்னே கெடந்தா உள்ள ஈரம் எறங்கும். நீங்க தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்து நிறுத்துறதுல இஞ்சின் சூடே ஏறாது, ஈரம் ஆயிலோடயே தங்கிரும்.”

பால்வண்ணன் முப்பத்தைந்து வருஷம் சங்கிலி பிடித்து ஊரான் நிலத்தை அளந்தவர். அளக்க முடிந்ததைத்தான் நம்புவார். மீட்டர் சொல்வது அவருக்குப் புரிந்தது, ஈரம் இறங்குவது புரியவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார், அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னார். மூன்றாம் வருஷம் ஆவுடையம்மாள்தான், “அந்தத் தம்பி தொண்டை வத்தச் சொல்லிக்கிட்டே இருக்கு, மாத்தித்தான் தொலைங்களேன்” என்று அதட்டி, புது ஆயில் டப்பாவையும் வாங்கி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டாள்.

செய்யது காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, பிளாஸ்டிக் சட்டியை வைத்து, ஆயில் சட்டியின் அடிநட்டைக் கழற்றினான். முதலில் பால் அதிகமாகக் கலந்த காப்பி நிறத்தில் ஆயில் கொழகொழவென்று விழுந்தது. பிறகு நிறம் வெளுத்தது. பிறகு மெலிந்தது. பிறகு சுத்தமான தண்ணீர், ஒரு விரல் கனத்தில், விட்டுவிடாமல் வந்தது. சட்டி நிறைந்து வழிந்து அவன் முதுகை நனைத்தபோதுதான் அவன் வெளியே வந்தான். உள்ளங்கையில் பிடித்து நக்கிப் பார்த்தான்.

“நல்ல தண்ணி சார்” என்றான்.

அந்த ஊரில் ‘நல்ல தண்ணி’ என்பது சாதாரண வார்த்தை இல்லை. நெடுங்கரையில் எங்கே தோண்டினாலும் உப்புதான். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, இருபது வயதுப் பிள்ளைகளுக்குப் பல் மஞ்சளாகிவிடும், டேங்கர் லாரி பத்து நாளுக்கு ஒருமுறை வரும், வராமலும் இருக்கும். ஆகவே ஆவுடையம்மாள் ஏன் என்றோ எப்படி என்றோ கேட்கவில்லை. “பாத்துக்கிட்டே நிக்கீகளே, மண்ணுல போகுதுல்லா” என்று சொல்லி உள்ளே ஓடிக் குடத்தை எடுத்துவந்தாள். குடம் வண்டிக்கு அடியில் நுழையவில்லை. கிண்ணத்தில் பிடித்துப் பிடித்துக் குடத்தில் ஊற்றினாள். அன்று மாலைக்குள் தன் வீட்டு ஏனமெல்லாம் நிறைந்து, பக்கத்து வீட்டு ஏனமெல்லாம் நிறைந்து, எதிர்வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டி, நாய்க்கும் ஒரு தட்டில் வைத்தாகிவிட்டது. தண்ணீர் அப்படியே ஒரு விரல் கனத்தில் வந்துகொண்டிருந்தது.

மூன்றே நாளில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. ஆண்கள் நான்கு பேர் வந்து இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவில் ஒரு குழி வெட்டி, இறங்க மூன்று படியும் வைத்தார்கள். அதன்பிறகு குடம் நேராக நட்டு வாய்க்கு அடியில் உட்கார்ந்தது. கொட்டகையிலிருந்து கோயில்வரைக்கும், கோயிலிலிருந்து பஸ் நிறுத்தம்வரைக்கும், பச்சையும் ஊதாவும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. ஆட்கள் வேலைக்குப் போய்விட்டாலும் குடங்கள் நின்றன, ஒவ்வொன்றின் வயிற்றிலும் சுண்ணாம்பால் எண் எழுதியிருந்தது. வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, யாரும் கொடுக்காமலேயே, எதிர்வீட்டுப் பேச்சித்தாயிடம் போய்ச் சேர்ந்தது, ஏனென்றால் ஊரிலேயே உரத்த குரல் அவளுடையது. செவ்வாயும் வெள்ளியும் காரின் முகத்துக்குச் சந்தனம் வைத்தார்கள், பெட்ஷீட்டை எடுத்துவிட்டுப் பட்டுத்துண்டு போர்த்தினார்கள். டவுனிலிருந்து ஓர் அதிகாரி வந்து மூன்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார். குடிக்க உகந்தது என்று தாள் வந்தது. அதில் ‘நீர் ஆதாரம்’ என்ற இடத்தில் கிணறு, ஆழ்துளை, குளம் மூன்றையும் அடித்துவிட்டுக் ‘கார்’ என்று கையால் எழுதியிருந்தது.

பங்குனியில் பருப்பு மலர்ந்து வெந்தது. சித்திரையில் பெண்களின் தலைமுடி சிக்கில்லாமல் சீப்பில் இறங்கியது. தண்ணீரில்லாத ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த சம்பந்திகள் தாங்களாகவே தட்டு எடுத்துவந்தார்கள், ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் நடந்தது. மூன்று மணப்பெண்களும் கொட்டகைக்கு வந்து ஆவுடையம்மாளின் காலில் விழுந்தார்கள். அவளுக்குக் ‘காரம்மா’ என்று பேராகிவிட்டது. முதலில் சிரித்தாள், பிறகு அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தாள்.

செய்யது ஒரு தடவை வந்து குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“நின்ன ஈரம் சார் இது. வண்டி நிக்கிறவரைக்கும் வரும்னுதான் தோணுது. இஞ்சினை ஓட்டிச் சூடாச்சுன்னா ஆவியாப் போயிரும். அப்புறம் வராது.”

அதைப் பேச்சித்தாய் கேட்டாள், அதனால் ஊர் கேட்டது. கூட்டம் போடவில்லை, தீர்மானம் எழுதவில்லை, யாரும் பால்வண்ணனிடம் சத்தியம் வாங்கவில்லை. கொட்டகை வாசலில் ஏழெட்டுப் பேர் வந்து, பேசாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். அவர் மனைவியைப் பார்த்தார்.

“இருக்கட்டும்” என்றாள் ஆவுடையம்மாள். “நான் எப்பவும் போல பஸ்ஸுல போயிட்டு வாரேன்.”

அதன்பிறகு அவள் பரிசோதனைக்குப் போகிற நாளில் இரண்டு பெண்கள் துணைக்குப் போனார்கள், பஸ்ஸில் முதல் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள், கண்டக்டர் அவள் ஏறி உட்காரும்வரை விசில் கொடுக்காமல் நின்றார். ஊர் அவளை அவ்வளவு நேசித்தது. இதைப் பால்வண்ணன் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தார். அவர்கள் நேசித்தது பொய்யில்லை.

வைகாசி பதினொன்றாம் தேதி, உச்சிவெயிலில், ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். தாடைவரைக்கும் ஏதோ இழுக்கிறது என்றாள். பிறகு அடுப்படியிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை அந்தத் தண்ணீரைப்போலவே விடாமல் இறங்கியது.

பால்வண்ணன் அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, செய்யது அன்று கழற்றிக் கொடுத்து, அலமாரியில் வைத்திருந்த ஆயில் சட்டி நட்டை எடுத்துக்கொண்டார். ஜன்னல் திண்டிலிருந்த ஆயில் டப்பாவை இடுக்கிக்கொண்டார். கொட்டகைக்கு ஓடினார். குழியில் பேச்சித்தாயின் மகளுடைய ஊதாக் குடம் பாதி நிறைந்திருந்தது.

“ஆவுடைக்கு நெஞ்சு வலிக்கு. வண்டிய எடுக்கணும்” என்றார்.

எல்லோரும் பதறிப்போனார்கள். நடித்துப் பதறவில்லை, உண்மையாகவே பதறினார்கள். ஒருத்தி வீட்டுக்குள் ஓடி ஆவுடையம்மாளின் காலைத் தேய்க்கத் தொடங்கினாள், இன்னொருத்தி விசிறினாள், மூன்று பேர் ஒரே நேரத்தில் போன் போட்டார்கள்.

“அண்ணாச்சி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு” என்றாள் பேச்சித்தாய். “கெளம்பிருச்சாம். இந்தா வந்துரும். அதுல டாக்டர் மாதிரி ஆளு, ஆக்சிசன் எல்லாம் இருக்கும். ஒங்க வண்டிய நீங்க தெருமுனையத் தாண்டி ஓட்டி எத்தன வருசமாச்சு? பேட்டரி இருக்கோ என்னவோ.”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் குடத்தை அவள் எடுக்கவில்லை. யாரும் எந்தக் குடத்தையும் எடுக்கவில்லை.

பால்வண்ணன் குழியின் படியில் உட்கார்ந்து, நட்டை விரலிடுக்கில் பிடித்தபடி, தண்ணீர் விழுவதைப் பார்த்தார். தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்தார். பஸ் நிறுத்தம்வரை குடங்கள். ஒவ்வொரு குடத்துக்கும் பின்னால் ஒரு அடுப்பு, ஒரு தொட்டில், ஒரு படுத்த கிழம். முப்பத்தைந்து வருஷம் அளந்த கண்ணுக்கு அந்த வரிசையின் நீளம் சட்டென்று பிடிபட்டது. அப்போது அவருக்கும் தோன்றியது, ஆம்புலன்ஸ்தான் வருகிறதே என்று. வேறு யாரும் அதை அவர் மண்டைக்குள் போடவில்லை. அவரேதான் நினைத்தார். நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

உள்ளே போனதும் ஆவுடையம்மாள் கண்ணைத் திறந்து, “வண்டிய எடுக்கலையா?” என்று கேட்டாள்.

“ஆம்புலன்ஸ் வருது.”

வெளியே குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குடம் நிறைய நிறைய அந்தச் சத்தம் மேலேறிக்கொண்டே போகும்.

“சரி” என்றாள்.

ஆம்புலன்ஸ் இருக்கிற தூரத்துக்கு அது வேகமாகத்தான் வந்தது. ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. அது கோயில் திருப்பத்தில் சத்தம் போட்டுக்கொண்டு திரும்பியபோது, காலைத் தேய்த்துக்கொண்டிருந்த பெண் தேய்ப்பதை நிறுத்தினாள்.

நெடுங்கரையில் யாருக்கும் அப்படி ஒரு குளிப்பாட்டு நடந்ததில்லை. வீட்டுக்கு ஒரு குடம் என்று ஊரே தண்ணீர் எடுத்துவந்தது, தங்களுக்கென்று பிடித்து வைத்திருந்த தண்ணீரை. ஊற்ற ஊற்ற அது முற்றம் நிறைந்து, வாசலைத் தாண்டி, தெருவில் ஓடி, கருவேலங்காட்டுக்குள் போயிற்று. பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், குரல் போகிற அளவுக்கு அழுதாள். மூன்று புதுப்பெண்களும் அழுதார்கள். பால்வண்ணன் ஒரு மூலையில் நின்று, பாதத்தைத் தொட்டு ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது குளிர்ச்சியாக இருந்தது.

மகள் செண்பகம் மறுநாள் வந்தாள். அழுது முடித்து, எல்லாம் கேட்டு முடித்து, கொட்டகை வாசலில் போய் நின்றாள். பட்டுத்துண்டும் சந்தனமுமாகக் கார் நின்றது. அடியில் குடம் நிறைந்துகொண்டிருந்தது.

“வண்டி இருந்துச்சேப்பா” என்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், எங்கூட வந்துருங்கப்பா என்று ஒருமுறை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஒருமுறைக்கு மேல் சொல்லியிருக்கலாம்.

பதினேழாம் நாள் காலையில் பால்வண்ணன் செய்யதுக்குப் போன் போட்டார். அவன் ஒரு பேட்டரியும் காற்றடிக்கிற பம்புமாக வந்தான். நான்கு டயருக்கும் காற்றடித்தான், பேட்டரியை மாட்டினான், பிறகு எழுந்து நின்று அவரைப் பார்த்தான்.

“யோசிச்சுக்கிட்டீங்களா சார்?”

“இனிமே யோசிக்க என்ன இருக்கு?”

“அம்மா இதுக்கு ஒத்துக்கிட மாட்டாங்க சார்.”

“ஒத்துக்கிட மாட்டாளா?” என்றார் பால்வண்ணன். “அவ எதுக்குத்தான் ஒத்துக்கிடாம இருந்தா? அதனாலதான் செத்தா.” அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது அவர் நட்டை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். வரிசை முழுக்க ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். எப்படித் தெரிந்ததோ, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாராவது கையைப் பிடிப்பார்கள், யாராவது காலில் விழுவார்கள், பேச்சித்தாய் ஊரைக் கூட்டிக் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அதற்கான பதில்களையும் இரவெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். பேச்சித்தாய் குனிந்து, முக்கால் நிறைந்த குடத்தைக் குழியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கினாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் தன் குடத்தை எடுத்து ஒதுக்கினாள். அதற்குப் பின்னால் நின்றவளும். கோயில்வரைக்கும், பிறகு பஸ் நிறுத்தம்வரைக்கும், ஒவ்வொரு குடமாகத் தரையில் உரசி ஓரத்துக்குப் போகிற சத்தம் கேட்டது. தெரு திறந்தது. அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

இரண்டு நிமிஷம். அடுக்கி வைத்திருந்த பதில்களெல்லாம் அவர் வாயிலேயே தங்கிவிட்டன.

நட்டைத் திருகினார். ஒரு விரல் கனம் அரை விரலாகி, நூலாகி, சொட்டாகி, நின்றது. செய்யது மேலே ஆயிலை ஊற்றினான். சாவியைத் திருப்பியதும் கார் இருமியது, நடுங்கியது, பிறகு எந்தக் குறையுமில்லாமல் ஓடத் தொடங்கியது. பின்குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. அது மேலே போய்க் கொட்டகையை மூடியது, தெருவை மூடியது, குடங்களையும் ஆட்களையும் மூடியது, முதல் மழை மண்ணில் விழுகிற வாசனை ஊர் முழுக்க நிறைந்தது. குழந்தைகள் வானத்தைப் பார்த்தன. பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், ஈரம் உள்ளேயிருந்து வந்ததா வெளியேயிருந்து வந்ததா என்று அவர்களுக்கே தெரியவில்லை. இனி இந்த ஊரில் பருப்பு வேகாது. ஆடி முடிவதற்குள் மூன்று புதுப்பெண்களில் இருவர் புருஷனோடு திருப்பூருக்குப் போய்விடுவார்கள், பேச்சித்தாயின் பேரன் பல் மஞ்சளாகித்தான் வளர்வான், ஐப்பசியில் மழை வரும், வந்து இரண்டு நாளில் போய்விடும். யாரும் பால்வண்ணனை ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். பார்த்தால் சாப்பிட்டாச்சா அண்ணாச்சி என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல் அவர் சுற்றுவழியில் போகத் தொடங்குவார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அவர் வண்டியைத் தெருவில் இறக்கினார். பக்கத்து சீட் காலியாக இருந்தது, அதற்கும் பெல்ட்டை எடுத்து மாட்டினார். கைக்கடிகாரத்தில் மணியைப் பார்த்துக்கொண்டார்.

எங்கும் நிறுத்தவில்லை. ரயில்வே கேட் திறந்திருந்தது. ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்தபோது ஹாரன் அடித்தார், ஆடுகள் விலகின. உப்பளம் வந்தது, போனது. இவ்வளவு நன்றாக ஓட்டத் தெரியும் என்று அவருக்கே தெரியாது. பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சை வாசலில், பெயிண்ட் அடித்த கோட்டுக்குள் நேராக நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்தொரு நிமிஷம்.

காக்கிச்சட்டை போட்ட ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். முன்கதவைத் திறந்தார். பின்கதவையும் திறந்து பார்த்தார்.

“பேஷண்ட் எங்கய்யா?”

பால்வண்ணன் பக்கத்து சீட்டின் பெல்ட்டைக் கழற்றினார்.

“யோவ் பெரியவரே, பேஷண்ட் யாரு? எங்க இருக்காங்க?”

“வீட்டுல” என்றார். “கட்டில்ல படுத்திருக்கா. நான் வண்டிய எடுத்துட்டு வாரேன்னு பாத்துக்கிட்டு இருக்கா.”

ஊழியர் குரலைத் தணித்து, “அப்ப போய்க் கூட்டிட்டு வாங்க” என்றார். பின்னால் ஒரு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அதில் யாரோ முனகிக்கொண்டிருந்தார்கள். ஊழியர் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினார். பால்வண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்து, ஆட்டோவுக்கு வழிவிட்டார்.